காப்பியிலுள்ள காபீன்: உடலில் அதன் வேலையும் அளவும்

பெங்களூர் நகரில் ஓசூர் சாலைக்கும் விவேக்நகருக்கும் இடைப்பட்ட பகுதி நீலசந்திரா. தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில், காலைப்பொழுது பெரும்பாலான வீடுகளில் காப்பியுடனோ தேநீருடனோதான் விடிகிறது. வேலைக்குப் புறப்படுவோர் சிற்றுண்டிச் சாலையில் நின்றபடியே 'பை-டூ' என்று கேட்பர். ஒருவருக்குரிய காப்பியை இரு குவளைகளில் பகிர்ந்து தரும் பெங்களூர் வழக்கம் அது. சிக்கனத்திற்காக ஏற்பட்ட இவ்வழக்கம், உடல்நூல் நோக்கில் பார்த்தாலும் மிகப் பொருத்தமானதே. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

காப்பியை அறியாதவர் இல்லை. ஆயினும், அதிலுள்ள காபீன் என்னும் பொருள் உடலுக்குள் சென்றபின் என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, யாருக்குத் தீங்கு விளைக்கக்கூடும் என்பவற்றைத் தெளிவாக அறிந்தோர் சிலரே. வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர்களிடமும், அங்கன்வாடி ஊழியர்களிடமும், பள்ளி ஆசிரியர்களிடமும் இவைபற்றிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "காப்பி நல்லதா, கெட்டதா?" என்று பொதுப்படக் கேட்கும் கேள்விக்கு விஞ்ஞானத்தில் விடை கிடையாது. எவ்வளவு, எந்த நேரத்தில், யாருக்கு என்று பிரித்துக் கேட்டால் விடை உண்டு.

மைசூர் நாட்டிற்கும் காப்பிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் இசுலாமியப் பெரியார் அரேபியாவிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலைகளில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. அம்மலைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. காப்பிப் பயிர் ஆராய்ச்சிக்கென 1925-இல் பாலெஹொன்னூரில் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. காப்பி வாரியத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரிலேயே உள்ளது. தமிழகத்தில் கதை வேறு. அங்கே நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமே. அதனை மதுவுக்கு நிகரான தீய பழக்கம் என்று கண்டித்து எழுதினோர் அந்நாளில் இருந்தனர். கண்டனம் அடங்கிவிட்டது, காப்பி நிலைத்துவிட்டது.

காபீன் என்பது யாது?

1819-இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ருங்கே என்பவர் காப்பிக் கொட்டையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவருக்குக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கதே. தேயிலையில் 'தேயின்' என்னும் வேறொரு பொருள் உள்ளதென்று சிலகாலம் கருதப்பட்டது. அதுவும் காபீனே என்று பின்னர் தெளிவாயிற்று. 1895-இல் எமில் ஃபிஷர் அதனைச் சோதனைச் சாலையில் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார்.

தூய காபீன் வெண்ணிறமுள்ளது, மணமற்றது, கசப்பானது. செடி இதனை மனிதனுக்காகச் செய்யவில்லை. இலையையும் விதையையும் தின்ன வரும் பூச்சிகளுக்கு இது நஞ்சு. அதற்காகவே செடி இதைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது.

ஒரு குவளையில் எவ்வளவு?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளின்படி, 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவளை வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காபீனும், உடனடிக் காப்பித்தூளால் செய்த குவளையில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் அந்நெறிகளின் அறிவுரை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015-இல், நலமுள்ள வயது வந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்று கூறியது. நம் நாட்டின் வரம்பு சற்றுக் கடுமையானது. அதையே பின்பற்றுவது நலம்.

இங்கே வீடுகளில் அருந்தப்படும் காப்பிக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திவிட இயலாது. பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரில் இறங்கும் டிகாக்ஷனின் வலிமை, தூளின் வகையையும் சிக்கரியின் பங்கையும் பொறுத்தது. அராபிகா கொட்டையில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.2 பங்கும், ரொபஸ்டாவில் ஏறக்குறைய 2.2 பங்கும் காபீன் உண்டு. இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி ரொபஸ்டாவே. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் நிறமும் கசப்பும் தரும், ஆனால் அதில் காபீன் அறவே இல்லை. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பதும், கலவையின் விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம்.

இதனை வகுப்பில் ஓர் எளிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பத்து கிராம் தூய அராபிகாத் தூளில் 120 மில்லிகிராம் காபீன் உண்டு. தூய ரொபஸ்டாவானால் 220. அதே பத்து கிராமில் 49 விழுக்காடு சிக்கரி எனில், முன்னது சுமார் 61 ஆகவும் பின்னது சுமார் 112 ஆகவும் குறையும். இதிலும் முழுவதும் டிகாக்ஷனில் இறங்கிவிடாது. முதல் டிகாக்ஷனில் பெரும்பகுதி வந்துவிட, இரண்டாம் டிகாக்ஷனில் எஞ்சியதே வரும். ஆக, ஒரே அளவுத் தூளில் காபீன் ஏறத்தாழ நான்கு மடங்கு வரை வேறுபடக்கூடும். கருமையாகவும் கெட்டியாகவும் இருக்கும் காப்பியே 'ஸ்டிராங்' என்று எண்ணுவது தவறு. அந்தக் கருமை பெரும்பாலும் சிக்கரியின் கொடை.

மூளையில் நிகழ்வது

விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையின் உயிரணுக்கள் உழைக்கின்றன. அவ்வுழைப்பின் விளைவாக அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது நரம்பணுக்களின்மேல் உள்ள ஏற்பிகள் எனப்படும் குறிப்பிட்ட இடங்களில் சென்று பொருந்தும்போது அவற்றின் வேகம் தணிகிறது. அயர்வும் தூக்கமும் வருகின்றன.

காபீனின் மூலக்கூறு வடிவில் அடினோசினை ஒத்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எல்லோரும் கண்டிருப்பர். அடினோசின் அமரவேண்டிய இருக்கையில் காபீன் துண்டு போட்டுவிடுகிறது. துண்டு அமர்ந்து பயணம் செய்வதில்லை. ஆனால் உரியவர் அமர முடியாமல் நிற்கிறார். அதாவது, காபீன் ஏற்பியை இயக்குவதில்லை, அடைத்துக்கொள்கிறது. மூளைக்குக் களைப்பின் செய்தி எட்டுவதில்லை. காப்பி உடலுக்குப் புதிதாக வலிமை எதையும் கொடுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நின்றுகொண்டிருந்த அடினோசின் போய்விடவில்லை. துண்டு நீங்கியவுடன் அத்தனையும் ஒருங்கே அமர்கின்றன. மாலையில் சிலருக்குத் திடீரென்று வரும் பெருஞ்சோர்வின் காரணம் இதுவே.

நாள்தோறும் காப்பி அருந்துவோரின் உடல் இந்நிலைமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இருக்கைகள் பற்றாத பேருந்தில் கூடுதல் இருக்கைகள் போடுவதுபோல, ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. அதன்பின் முன்பு ஒரு குவளை தந்த தெளிவுக்கு இரண்டு குவளைகள் வேண்டியிருக்கிறது. அடினோசின் மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும் இயல்புடையது. பழகியவர் காப்பியைத் திடீரென்று நிறுத்தினால், பெருகிய ஏற்பிகள் அனைத்திலும் அது பொருந்த, குழாய்கள் விரிந்து தலைவலி எழுகிறது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்திற்குள் இது தொடங்கும். இரண்டு நாட்களில் உச்சமடைந்து, ஒன்பது நாட்கள் வரையும் நீடிக்கலாம்.

ரமலான் நோன்பின் முதல் நாட்களிலும் ஏகாதசி உபவாசத்தின்போதும் பலர் கூறும் தலைவலியில் பசிக்கு உள்ள பங்கைப்போலவே காப்பி இன்மைக்கும் பங்கு உண்டு. நோன்புக்கு ஒரு வாரம் முன்னரே நாளுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு எனக் குறைத்துவந்தால் இத்துன்பம் பெரிதும் நீங்கும். 'பை-டூ' இதற்கு நல்ல வழி. இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது: கடைகளில் கிடைக்கும் சில தலைவலி மாத்திரைகளில் காபீனும் சேர்க்கப்பட்டுள்ளது. காப்பியை விட்டதால் வந்த தலைவலிக்கு அம்மாத்திரையை விழுங்கி, உடனே குணம் கண்டு, அதனை நல்ல மருந்தென்று புகழ்வோர் உண்மையில் காப்பியையே வேறு வடிவில் கொள்கின்றனர்!

எவ்வளவு நேரம் தங்கும்?

அருந்திய முக்கால் மணி நேரத்திற்குள் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. உட்கொண்டதில் பாதியைக் கழிக்க வயது வந்தோர்க்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 120 மில்லிகிராம் சென்றால், இரவு 11 மணிக்கு 60 எஞ்சியிருக்கும். விடியற்காலை 4 மணிக்கும் 30 இருக்கும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னர் கொண்ட 400 மில்லிகிராம் காபீன், உறக்கத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைத்துவிட்டதென 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காப்பி குடித்தாலும் தமக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது என்று கூறுவோர் உண்டு. உறக்கம் வருவது வேறு, ஆழ்ந்த உறக்கம் அமைவது வேறு. இரவுப் பணி முடிந்து காலையில் உறங்கவேண்டிய தொழிலாளரும் ஓட்டுநர்களும் பணியின் முற்பகுதியில் காப்பியை முடித்துக்கொள்வதே சரி. வீடு திரும்பும் வழியில் அருந்துவது பகல் உறக்கத்தைக் கெடுக்கும்.

இந்த ஐந்து மணி என்பது எல்லோர்க்கும் ஒன்றன்று. புகை பிடிப்போரிடம் அந்நொதி மும்முரமாக வேலை செய்வதால், காபீன் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் கழிகிறது. ஆகையால், பீடியையோ சிகரெட்டையோ விட்ட ஒருவர் முன்போலவே காப்பி அருந்திவந்தால், அவருடைய இரத்தத்தில் காபீன் மிகுந்து படபடப்பும் தூக்கமின்மையும் தோன்றும். அவர் அதனைப் புகையை விட்டதன் கேடாக எண்ணி மீண்டும் புகைக்கத் தொடங்கக்கூடும். புகையை விடுவோரிடம் காப்பியையும் பாதியாகக் குறைக்கும்படி பணியாளர் சொல்லிவைத்தால் பெருநன்மை உண்டு. இதற்கு மாறாக, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்களிடம் காபீன் கழிவது ஏறத்தாழ இரு மடங்கு தாமதமாகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தும் இந்நொதியைத் தடுக்கிறது.

இருதயத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. பழக்கமில்லாதவரிடம் இரத்த அழுத்தம் சிறிது நேரம் உயரும். பழகியவரிடம் அவ்வளவு உயர்வதில்லை. இரத்தக் கொதிப்புக் கட்டுக்கடங்காதவர்களும், நாடித்துடிப்புத் தவறுபவர்களும், பதற்ற நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு நடப்பது முறை. காப்பி புற்றுநோயை விளைக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் அறிவித்தது. ஆனால் 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தை அருந்துவதும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்று அதே நிறுவனம் எச்சரித்தது. டவராவில் ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கத்தைக் கைவிடாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

இரும்புச் சத்தும் காப்பியும்

களப் பணியாளர்கள் மிகுந்த கவனம் செலுத்தவேண்டிய இடம் இதுவே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர். இதற்குக் காரணங்கள் பல. காப்பியும் தேநீரும் அவற்றுள் சிறியதொரு காரணமே. ஆனால் செலவின்றி நீக்கக்கூடிய காரணம் அது.

இங்கே குற்றவாளி காபீன் அன்று. காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புடன் சேர்ந்து, குடலால் ஈர்க்கவியலாத ஒரு கூட்டுப்பொருளாக மாறிவிடுகின்றன. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உணவோடு அருந்திய ஒரு குவளைக் காப்பி இரும்பு ஈர்ப்பை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன் அருந்திய காப்பியால் தீங்கில்லை. ஒரு மணி நேரம் பின் அருந்தியதோ உணவோடு அருந்தியதைப் போலவே தீங்கு செய்தது. உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமேனும் காப்பி, தேநீரைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் கூறுகிறது. உணவுக்குப் பின்னரானால் இரண்டு மணி நேர இடைவெளியே பாதுகாப்பானது எனலாம். இட்டலியை முடித்த கையோடு காப்பி என்பது பெங்களூரிலும் தமிழகத்திலும் ஊறிப்போன வழக்கம். இரும்புக் குறைவுள்ள பெண்ணுக்கு அது எல்லாவற்றிலும் பொருந்தாத நேரம்.

கர்ப்பிணிகளுக்கு 180 நாட்களுக்கு வழங்கப்படும் இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. மாத்திரையின் வாடையும் குமட்டலும் தெரியாதிருக்க, காப்பியுடனோ பாலுடனோ அதை விழுங்குவோர் பலர். அவ்வாறு செய்தால் மாத்திரையின் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. மாத்திரை கொடுத்தாயிற்று என்று ஏட்டில் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், எதனோடு விழுங்கினார் என்று கேட்பது நன்று. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன்கொண்டால் ஈர்ப்பு மிகும். பள்ளிகளில் வாரந்தோறும் மாணவியருக்கு நீல மாத்திரை வழங்கும் ஆசிரியர்களும் இதைக் கூறிவைக்கலாம். தைராய்டு மாத்திரை உட்கொள்வோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, காப்பிக்கு ஒரு மணி நேரமேனும் பொறுக்க வேண்டும்.

கருவுற்ற தாய்க்குக் காபீனாலேயே விளையும் இடர் வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், பாதியளவு கழிவதற்குச் சுமார் 15 மணி நேரம்கூட ஆகும். காபீன் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து கருவை அடைகிறது. அதனைச் சிதைக்கும் நொதி கருவிடம் இல்லை. மிகுதியாகக் காபீன் கொண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே நாளொன்றுக்கு 200 மில்லிகிராமே எல்லை என ஐரோப்பிய நிறுவனம் வகுத்தது. நம்மூர்க் கணக்கில் இது சிறு குவளையாக இரண்டு வேளை. அதற்கு மேல் வேண்டாம். தேநீரையும் இக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

சிறுவர்களும் புட்டிப் பானங்களும்

சிறுவர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய நிறுவனம் கூறிய மேலெல்லை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம். பெரியவர்க்கான ஒரு குவளை வடித்த காப்பியே அதைக் கடந்துவிடும். பாலை வெறுக்கும் பிள்ளைக்குச் சில துளி டிகாக்ஷன் விட்டுக் கொடுக்கும் தாய்மாரை இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. துளிகள் துளிகளாகவே இருந்தால் போதும்.

இன்று கவலைக்குரியவை 'எனர்ஜி டிரிங்க்' என விற்கப்படும் பானங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, இவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காபீன் இருக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதன்று என்று மேலே அச்சிட வேண்டும். 250 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் உச்ச அளவாகக் கொண்டாலும் 75 மில்லிகிராம்தான். ஒரு குவளைக் காப்பியை விட மிகுதியன்று. எனில் அபாயம் எங்கே? சூடான காப்பியைப் பருகுவதுபோல் எவரும் இதனை மெல்லப் பருகுவதில்லை. குளிர்ந்திருப்பதால் தாகத்திற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குடிக்க இயல்கிறது. சர்க்கரையும் மிகுதி. தேர்வுக்காலத்தில் மாணவர் இதனையும் காப்பியையும் சேர்த்து அருந்தி இரவில் கண்விழிக்கின்றனர். படித்ததை நினைவில் நிறுத்த உதவும் உறக்கத்தையே அதற்கு விலையாகக் கொடுக்கின்றனர்.

காபீனைத் தனித்தூளாக வாங்குவது முற்றிலும் தவிர்க்கத்தக்கது. ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 28 குவளைக் காப்பிக்குச் சமம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. ஐந்து முதல் பத்து கிராம் உயிரைப் போக்கிவிடும். காப்பியாகக் குடித்து இவ்வளவை எட்டுவது கடினம், வயிறே மறுத்துவிடும். தூளுக்கும் மாத்திரைக்கும் அந்தக் காவல் இல்லை.

இதே பொருள் மருந்தாகவும் பயன்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சிலவேளை மூச்சு விட மறந்துவிடுகின்றன. மூளையின் மூச்சு மையம் முதிராமையே காரணம். அவற்றிற்கு மருத்துவமனைகளில் காபீன் சிட்ரேட் கொடுக்கப்படுகிறது. 2,006 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட சர்வதேசச் சோதனையின் முடிவுகள் 2006-இலும் 2007-இலும் வெளியாயின. காபீன் பெற்ற குழந்தைகளிடம் நுரையீரல் நோய் குறைந்திருந்தது. ஒன்றரை வயதளவில் ஊனமின்றிப் பிழைத்திருந்தோர் தொகையும் மிகுந்திருந்தது. பச்சிளங் குழந்தையின் கல்லீரல் காபீனைச் சிதைக்க அறியாததால், அது உடலில் பாதியாகக் குறைய மூன்று நாட்களுக்கு மேலாகிறது. ஆகையால் நாளுக்கு ஒரே ஒரு வேளை மருந்து போதுமானதாகிறது.